இலவச அரிசி இருந்தும் தனித்து வாழும் தாயின் தட்டு ஏன் காலியாக இருக்கிறது?

தமிழ்நாட்டில் ரேஷன் அரிசிக்குக் காசு கிடையாது, பள்ளியில் காலையும் மதியமும் சாப்பாடு போடுகிறார்கள், பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் விழுகிறது. இவ்வளவுக்குப் பிறகும் கணவன் இல்லாமல் பெண்கள் நடத்தும் ஏழைக் குடும்பங்களில் பசி இருக்கிறது என்று சொல்வது மிகையா, உண்மையா என்பது கேள்வி.

உண்மை. ஆனால் பசி என்றதும் நம் கண்முன் வரும் ஒட்டிய வயிறும் கவிழ்த்த பானையும் அந்த வீடுகளில் பெரும்பாலும் தென்படாது. அடுப்பில் சோறு இருக்கும். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். சாப்பிடாதவர் அந்த வீட்டில் ஒரே ஒருவர்தான். நான் திருப்பூர் வட்டாரத்தில் கணவனை இழந்த பெண்களுக்கும் கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கும் ஓய்வூதியம், குடும்ப அட்டை, ஜீவனாம்சம் போன்றவற்றுக்கு மனு எழுதிக் கொடுத்து, அலுவலகங்களுக்கு உடன் சென்று வருபவள். ஆகவே இந்தப் பதில் பெரும்பாலும் அந்த ஊரை ஒட்டியே அமையும். மீனவக் கிராமத்திலோ மலைத்தோட்டத்திலோ இதே பசி வேறு வழியில் வரக்கூடும்.

முதலில் ஒரு வீட்டைச் சொல்லிவிடுகிறேன். பத்து வீடுகளுக்கு ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கும் லைன் வீட்டில் ஓர் அறை. அந்தப் பெண் தாராபுரம் பக்கத்திலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்தவர். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை. பையன் ஏழாம் வகுப்பு, பெண் குழந்தை மூன்றாம் வகுப்பு. ஒரு மனுவில் கையெழுத்து வாங்குவதற்காக வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு மேல் போயிருந்தேன். சம்பளம் சனிக்கிழமைதான். சோறும், பருப்பு போடாமல் புளியும் மிளகும் மட்டும் சேர்த்த ரசமும் இருந்தன. பையனுக்கு இரண்டு முறை போட்டார், பெண்ணுக்கு ஒரு முறை போட்டு அவள் தட்டில் மிஞ்சியதைப் பையனுக்கே தள்ளினார், சட்டியில் ஒட்டியிருந்த ஒரு கைப்பிடியில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தார். "நீ சாப்பிடலையாம்மா?" என்று சின்னவள் கேட்டாள். "கம்பெனியிலயே சாப்பிட்டுட்டன் கண்ணு" என்றார். அவருடன் ஒரே மேசையில் வேலை செய்யும் பெண்ணைப் பின்னொரு நாள் சந்தித்தபோது பேச்சுவாக்கில் தெரிந்தது: மதிய இடைவேளையில் இவர் டப்பா கொண்டு வருவதே அரிது, கேட்டால் காலையில் வீட்டிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டு வந்ததாகச் சொல்வாராம். வீட்டில் சொல்லும் பொய்யும் கம்பெனியில் சொல்லும் பொய்யும் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தியிருந்தன. நடுவில் ஓடியது இரண்டு டீயும் ஒரு பன்னும்தான்.

இனி கணக்குக்கு வருவோம். 2011 ஜூன் 1 முதல் தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். அட்டையின் வகையையும் ஆள் கணக்கையும் பொறுத்து அளவு மாறும் என்றாலும், ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் உள்ள அட்டைக்கு 20 கிலோ கிடைப்பதாகவே வைத்துக்கொள்வோம். மூன்று பேருக்கு, முப்பது நாளைக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 222 கிராம் அரிசி; ஏறத்தாழ 780 கிலோ கலோரி. நின்றும் குனிந்தும் நாள் முழுதும் வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 2,130 கிலோ கலோரி வேண்டும் என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. பருப்பு அட்டைக்கு ஒரு கிலோ, 30 ரூபாய். ஆளுக்கு நாளொன்றுக்கு 11 கிராம். அதே நிறுவனம் சமச்சீரான உணவுத் தட்டுக்குச் சொல்லும் பருப்பு, பயறு அளவு 85 கிராம். பாமாயில் ஒரு லிட்டர், 25 ரூபாய். ஆளுக்கு 11 மில்லி. இந்தப் பொருள்கள் இல்லாவிட்டால் நிலைமை எவ்வளவு மோசமாகியிருக்கும் என்பதை அறிந்தே சொல்கிறேன்: ரேஷன் கடை பட்டினிச் சாவைத் தடுக்கிறது, உணவின் மூன்றில் ஒரு பங்கைத் தருகிறது, மீதியைச் சம்பளத்திலிருந்துதான் வாங்க வேண்டும். காய்கறி, முட்டை, பால், பருப்பின் மீதி எல்லாம் அந்த மீதியில் அடக்கம். இலவச அரிசியை வேகவைக்கும் சிலிண்டரும் 800 ரூபாய்க்கு மேல் போய்விட்டது.

இருவர் சம்பாதிக்கும் வீட்டிலும் இந்தப் பற்றாக்குறை உண்டே, தனித்து வாழும் தாயின் வீட்டில் மட்டும் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். வருமானம் ஒன்றாகக் குறைவது எல்லாருக்கும் தெரிந்த வேறுபாடு. அவ்வளவாகப் பேசப்படாத இன்னொன்று நேரம். திருப்பூரில் காலை எட்டரைக்குத் தொடங்கும் வேலை, ஆர்டர் நெருக்கடி இருக்கும் நாள்களில் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்டாக நீளும். ரேஷன் கடையோ பகல் நேரத்தில்தான் திறந்திருக்கும். பருப்பும் எண்ணெயும் வந்துவிட்டன என்ற செய்தி பகலில்தான் பரவும். மாமியாரோ கணவனோ வீட்டில் இருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு போய் வாங்கி வந்துவிடுவார்கள். இவருக்கு அரை ஷிப்டு போகும். அரை ஷிப்டுச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து வாங்கும் அரிசியை இலவசம் என்று எப்படிச் சொல்வது? மாதத்தின் முதல் இரண்டு வெள்ளிக்கிழமைகளில் கடைக்கு விடுமுறை விட்டு, அதற்கு ஈடாக முதல் இரண்டு ஞாயிறுகளில் திறந்து வைக்கும் ஏற்பாடு வேலைக்குப் போகும் பெண்களுக்கு உண்மையிலேயே உதவும் ஒன்று. ஆனால் அந்த ஞாயிறுகளில் ஊரிலுள்ள கம்பெனித் தொழிலாளர் எல்லாரும் அதே வரிசையில் நிற்பார்கள். கைரேகை பதியாமல் போனால், அட்டையில் பெயருள்ள வேறு பெரியவர் யாரையும் அனுப்பவும் முடியாது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள்கள் வீடு தேடிச் செல்கின்றன. நல்ல திட்டம். பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்யும் முப்பது வயதுத் தாயும் கடைக்குப் போக முடியாதவர்தான் என்பதை யாராவது அரசின் காதில் போட வேண்டும்.

ஆனால் என் அனுபவத்தில் நேரத்தைவிட, சம்பளத்தைவிட, இந்தக் குடும்பங்களைப் பட்டினியில் தள்ளுவது காகிதம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

மேலே சொன்ன பெண் லைன் வீட்டுக்குக் குடிவந்து இரண்டரை ஆண்டுகளுக்கு அவருக்கு ரேஷனே இல்லை. தாராபுரத்தில் கணவன் வீட்டு அட்டையில் மாமனார், மாமியார், கணவன், இவர், இரண்டு பிள்ளைகள் என ஆறு பெயர்கள். இவர் வெளியேறிய பிறகும் அந்த அட்டையில் இவர்கள் மூன்று பேரின் பெயரும் இருந்தன. அவர்கள் பெயரில் வரும் அரிசி அங்கேயே பொங்கப்பட்டது. மகளிர் உரிமைத்தொகை ஓர் அட்டைக்கு ஒருவருக்குத்தான் என்பதால், 2023 செப்டம்பர் 15-இல் அது தொடங்கியபோது அந்த ஆயிரம் ரூபாயும் மாமியார் கணக்குக்குப் போனது. திட்டம் தவறில்லை, அட்டையின் கணக்குப்படி எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அட்டையில் ஒரு குடும்பம், நிலத்தில் இரண்டு குடும்பம். ஒரே நாடு ஒரே அட்டை 2020 அக்டோபரில் இங்கு நடைமுறைக்கு வந்தது, எந்தக் கடையிலும் பொருள் வாங்கலாம் என்பது எல்லாம் சரி. அட்டை கையில் இருந்தால்தானே வாங்க முடியும்?

தனி அட்டைக்கு விண்ணப்பித்தால், பழைய அட்டையிலிருந்து பெயரை நீக்கியதற்கான சான்று கேட்பார்கள். நீக்குவதற்குக் குடும்பத் தலைவரின் கைபேசிக்கு ஒருமுறைக் கடவுச்சொல் போகும். கணவனோ மாமனாரோ அதைச் சொல்ல மறுத்தால் அங்கேயே நிற்கும். விவாகரத்து ஆணை கொண்டு வா என்று சொல்லி அனுப்பிய அலுவலகத்தை நானே பார்த்திருக்கிறேன். விவாகரத்து ஆணை இல்லாமலேயே, நேரில் விசாரித்து, பெண் தனியாக வசிப்பதையும் தனியாகச் சமைப்பதையும் உறுதி செய்துகொண்டு, அதிகாரிகளே பெயரை நீக்கித் தனி அட்டை வழங்கலாம் என்று உணவு வழங்கல் துறை வழி செய்துதான் இருக்கிறது. மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாதபோது, தெரிந்தவர் ஒருவர் உடன் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறகு முகவரிச் சான்று. லைன் வீட்டு உரிமையாளர் வாடகை ஒப்பந்தம் எழுதித் தர மாட்டார். பத்து வீட்டுக்கும் மின் இணைப்பு அவர் பெயரில். இந்த இடத்தில்தான் பல பெண்கள் சோர்ந்து, "போகட்டும் அக்கா, கடையிலயே வாங்கிக்கறேன்" என்று விட்டுவிடுகிறார்கள். கடை அரிசி என்ன விலை விற்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓய்வூதியத்திலும் இதே கதை. கணவன் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் இருக்கிறது. ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்குப் பதினெட்டு வயது நிறைந்திருந்தால் போதும். கணவன் விட்டுவிட்டுப் போயிருந்தால், பெண்ணுக்கு முப்பது வயது ஆகியிருக்க வேண்டும், அதோடு நீதிமன்றம் மூலம் சட்டப்படி பிரிந்திருக்க வேண்டும் அல்லது கைவிடப்பட்டு ஐந்து ஆண்டுகளாவது கடந்திருக்க வேண்டும். இருபத்து மூன்று வயதில் கைக்குழந்தையோடு நிற்கும் பெண் முப்பது வயது வரை காத்திருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். குழந்தை வளர்ந்து இரண்டாம் வகுப்புக்குப் போன பிறகு பால் வாங்கக் காசு வரும். சாவுக்கு மருத்துவமனையும் உள்ளாட்சியும் சான்று தருகின்றன. ஓடிப்போவதற்கு யார் சான்று தருவார்? கிராம நிர்வாக அலுவலர் பரிந்துரைத்து, வருவாய் ஆய்வாளர் பார்த்து, வட்டாட்சியர் கொடுக்கும் கைவிடப்பட்ட பெண் சான்றிதழ் ஒன்று இருக்கிறது; ஆனால் அதற்கான விசாரணையில் அக்கம்பக்கத்தாரிடம் கேட்பார்கள், பொங்கலுக்குக் கணவன் ஒருமுறை வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போனான் என்று யாராவது நல்லெண்ணத்தில் சொல்லிவிட்டால் ஐந்து ஆண்டுக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் ஆபத்து உண்டு.

இந்த ஓய்வூதியம் 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாய், அதற்கு முன் 1,000. மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய விதவை ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு 300 ரூபாய். 2012-இல் நிர்ணயித்த அந்தத் தொகை இன்றும் அப்படியே நிற்கிறது, அதுவும் நாற்பது வயது ஆனவர்களுக்கு மட்டும். தமிழ்நாட்டில் மீதி முழுவதையும் மாநிலமே போடுவதால்தான் தொகை இந்த அளவாவது இருக்கிறது. உரிமைத்தொகைக்கான தொடக்க விதிகளில், சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் பெறும் பெண்ணுக்கு ஆயிரம் ரூபாய் கிடையாது என்று வைத்திருந்தார்கள். கணவனோடு வாழும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கணவன் சம்பளமும் ஆயிரம் ரூபாயும். கணவனை இழந்த பெண்ணுக்கு 1,200 ரூபாய் மட்டும். இருவருக்கும் இடையில் அரசு காட்டும் வேறுபாடு மாதம் 200 ரூபாய் என்று ஒரு பெண் என்னிடம் கணக்குப் போட்டுக் காட்டியபோது என்னிடம் பதில் இல்லை.

ஏழைகளில் ஏழைகளுக்கென்று இருக்கும் அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ. 2003 மே 2 அன்று, உணவு உரிமை வழக்கில், கைம்பெண்களுக்கும் நிலையான ஆதரவு இல்லாத தனித்த பெண்களுக்கும் இந்த அட்டையைத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த ஆணையை மனுவில் மேற்கோள் காட்டுவது எனக்கு வழக்கம். ஆனால் அந்தியோதயா அட்டைகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருப்பதால், ஓர் இடம் காலியானால்தான் இன்னொருவர் நுழைய முடியும். மனு தள்ளுபடி ஆகாது, நிலுவையிலேயே இருக்கும். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிறைந்த மூத்த பெண்ணையே அட்டைக்குக் குடும்பத் தலைவியாகக் கொள்ள வேண்டும் என்கிறது. அது கூட்டுக் குடும்பத்தில் மாமியாரைத் தலைவியாக்கியது, பிரிந்து போன மருமகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளைகளின் பக்கம் வந்தால் சற்று நிம்மதியாகப் பேசலாம். 1956-இல் காமராசர் தொடங்கி, 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆர். விரிவாக்கி, பின் வந்த அரசுகள் முட்டையும் சேர்த்த மதிய உணவு இல்லாவிட்டால் நான் மேலே சொன்ன கணக்கு முழுவதுமே தப்பிப்போயிருக்கும். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடக்க விழா நடந்து, முதலில் மாநிலத்தின் 1,545 பள்ளிகளுக்கு வந்து, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டத்தை, தனித்து வாழும் தாய்மாருக்கு அண்மைக் காலத்தில் கிடைத்த மிகப் பெரிய உதவி என்றே மதிக்கிறேன். அதற்குக் காரணம் உப்புமாவும் பொங்கலும் மட்டும் அல்ல. எட்டரை மணிக்குக் கம்பெனி வாசலில் நிற்க வேண்டிய பெண்ணுக்குக் காலையில் ஒருவேளைச் சமையல் குறைகிறது, சிலிண்டர் சில நாள் கூடுதலாக வருகிறது, மாவுக்குக் கொடுக்கும் காசு மிஞ்சுகிறது. சான்றிதழ் கேட்காமல், அட்டை கேட்காமல், தந்தை எங்கே என்று கேட்காமல், வந்து உட்காரும் குழந்தைக்கெல்லாம் தட்டு வைப்பதுதான் அதன் அருமை. மற்றத் திட்டங்களில் வடிகட்டப்படும் பெண்களின் குழந்தைகள் இதில் வடிகட்டப்படுவதில்லை.

இதன் எல்லைகளும் தெளிவானவை. காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரை. ஆறாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து, உடம்பு மிக வேகமாக வளரும் வயதில், பையனின் காலைச் சாப்பாடு மறுபடியும் தாயின் பொறுப்பு. வெள்ளி இரவு அந்த வீட்டில் மகளுக்கு ஒரு முறையும் மகனுக்கு இரண்டு முறையும் சோறு விழுந்ததற்கு ஆண்பிள்ளை என்ற பாகுபாடு ஒரு காரணமாக இருக்கலாம். பள்ளி நாள்களின் காலையில் அவளுக்குக் கிடைப்பதைப் போல அவனுக்கு எதுவும் இருக்காது என்பதும் ஒரு காரணம். இன்னொரு முனையில் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அங்கன்வாடியில் சத்துமாவு தருகிறார்கள், உட்கார்ந்து சாப்பிடும் உணவு இரண்டு வயதுக்குப் பிறகுதான். அங்கன்வாடியும் மாலை வரைதான், கம்பெனி இரவு வரை. பிறகு ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை கோடை விடுமுறை. இரண்டு பிள்ளைகள், நாளொன்றுக்கு மூன்று வேளைச் சாப்பாடு திடீரென்று வீட்டுக் கணக்கில் ஏறுகிறது. என்னிடம் கைமாற்றுக் கேட்டு வரும் பெண்கள் மே மாதத்தில்தான் அதிகம். கோடையில் பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்புவது நம் ஊர் வழக்கம் என்று நினைத்திருந்தேன். இந்த வீடுகளில் அது பாதி உணவுப் பங்கீடு என்று பிறகுதான் புரிந்தது.

கடனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அது தனிக் கட்டுரைக்குரியது. வாரத் தவணைக் குழுக் கடன் வாங்காத தாயை நான் பார்த்ததில்லை. அதில் ஒரு பெண் கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றவர்கள் கட்ட வேண்டும். ஆகவே தவணை நாள் சோற்றைவிட முந்திக்கொள்ளும். வீட்டு வாடகை தள்ளிப்போகும், மளிகைக் கடை நோட்டில் கணக்கு ஏறும், தவணை மட்டும் தவறாது. குறைக்கக்கூடிய செலவு ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும். அதில் முதலில் குறைவது பருப்பு, பிறகு முட்டை, பிறகு தன் சாப்பாடு.

விளைவு உடம்பில் தெரியும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இது எல்லாக் குடும்பங்களுக்குமான எண். தனித்த தாய்மாரை அது பிரித்துக் காட்டாது. நான் பார்ப்பது இதுதான்: மதியம் மூன்று மணிக்குத் தலைசுற்றல், படியேறினால் மூச்சு வாங்குதல், நகம் வெளுத்துப் போதல். சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்று நிறுத்திவிடுவார்கள். பசியை அடக்கும் டீயே, உண்ட உணவிலிருந்து இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் குறைக்கிறது என்பது இதில் இன்னொரு கொடுமை.

இந்தப் பசி ஏன் கணக்கில் வருவதில்லை என்பதற்கு ஓர் அயல்நாட்டு எண் உதவும். அமெரிக்க வேளாண் துறையின் 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், மொத்தக் குடும்பங்களில் 13.5 சதவீதம் உணவுப் பாதுகாப்பு இல்லாதவை. கணவனில்லாத தாய்மார் நடத்தும் குடும்பங்களில் அது 34.7 சதவீதம். அவ்வளவு பணக்கார நாட்டிலும் மூன்றில் ஒரு குடும்பம். ஆனால் நான் கவனிக்கச் சொல்வது வேறோர் இணையை: பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் 17.9 சதவீதத்தில் உணவுப் பற்றாக்குறை இருந்தது, பிள்ளைகளையும் அது எட்டியது 8.9 சதவீதத்தில்தான். மீதிப் பாதி வீடுகளில் பெரியவர்கள் தம் தட்டைக் குறைத்துப் பிள்ளைகளைக் காத்துவிட்டார்கள். அந்தக் கணக்கெடுப்பில் பெரியவர் சாப்பிடாமல் இருந்தாரா என்று தனியாகவும், பிள்ளை சாப்பிடாமல் இருந்ததா என்று தனியாகவும் கேட்டார்கள், கேட்டதால் தெரிந்தது. நம் பதிவேடுகளில் அட்டை உண்டு, அட்டைக்கு எத்தனை கிலோ என்பது உண்டு. அந்த அரிசி வீட்டுக்குள் போன பிறகு யார் தட்டில் விழுந்தது என்று கேட்கும் கட்டம் இல்லை. பிள்ளையின் எடையை அங்கன்வாடியில் மாதந்தோறும் நிறுக்கிறார்கள். அதைக் கூட்டி வரும் தாயை நிறுப்பதில்லை, அவர் கருவுற்றிருந்தால் தவிர.

அடுத்து, என்ன செய்ய முடியும் என்பதும் கேள்வியில் அடங்கியிருப்பதாகக் கொள்கிறேன். இந்தப் பெண்களுக்கு அதிகம் தெரியாத ஒன்று மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவு. தாய் கைம்பெண்ணாகவோ, மணமுறிவு பெற்றவராகவோ, கைவிடப்பட்டவராகவோ இருந்தால், ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் வரை கிடைக்க வழி உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும். ஒதுக்கீடு குறைவு, காத்திருப்பு நீளம், முழு ஷிப்டு வேலை செய்பவரின் சம்பளம் இந்த வரம்பைத் தாண்டிவிடவும் கூடும். இருந்தாலும் ஓய்வூதியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேற்பட்ட தொகை என்பதால் நான் முதலில் இதற்குத்தான் மனு எழுதுவேன். விண்ணப்பத்தில் குழந்தையை இல்லத்தில் சேர்க்க விருப்பமா என்ற பேச்சு வந்தால் பயப்பட வேண்டாம். இந்த உதவியின் நோக்கமே குழந்தையைத் தாயிடமே வைத்திருப்பதுதான்.

உயிரோடு இருக்கும் கணவனிடமிருந்து ஜீவனாம்சம் கேட்பது அடுத்தது. 2024 ஜூலை முதல், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவுக்குப் பதிலாக, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவில் இதைக் கேட்க வேண்டும். வழக்கறிஞர் கட்டணத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவானாலும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மனு போட்ட தேதியிலிருந்தே தொகையைக் கணக்கிட வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால் காலம் தாழ்த்தாமல் மனுவைப் போட்டுவிடுவது நல்லது. ஆணை கிடைத்த பிறகு அவன் கட்டாமல் இருந்தால், பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் நிறைவேற்று மனு போட வேண்டும். இதைத் தெரியாமல் விட்டுப் பணத்தை இழந்தவர்கள் உண்டு. ஜீவனாம்சம் மாதாமாதம் ஒழுங்காக வரும் வீட்டை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்த வழக்கு எண் ஒரு பயன் தருகிறது: கைவிடப்பட்டதற்கு எழுத்தில் ஓர் ஆதாரம். தனி அட்டைக்கும் ஓய்வூதியத்துக்கும் அதைக் காட்டலாம்.

தாராபுரத்துப் பெண்ணுக்கும் அப்படித்தான் நடந்தது. ஜீவனாம்ச மனுவின் நகலை வைத்து விசாரணை நடந்து, வீட்டு உரிமையாளரிடம் மூன்று முறை பேசி ஒரு தாளில் எழுதி வாங்கி, பழைய அட்டையிலிருந்து மூன்று பெயர்களும் நீங்கி, புதிய அட்டை வர பதினொரு மாதம் ஆனது. அதற்காக அவர் விட்ட ஷிப்டுகளை ஒருமுறை எண்ணினோம், பதினாறு.

அரசிடம் இல்லாமல் தனிமனிதராக என்ன செய்யலாம் என்றால், என் பதில் சின்னச் சின்னதாக இருக்கும். கம்பெனி நடத்துபவரானால், மாதத்தில் ஒரு நாள் ரேஷனுக்காக இரண்டு மணி நேரம் சம்பளம் பிடிக்காமல் விடுங்கள். வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவரானால், அந்த ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் சொத்து ஒன்றும் போய்விடாது. பக்கத்து வீட்டுக்காரரானால், அலுவலகத்துக்கு ஒருமுறை உடன் போய் வாருங்கள். இரண்டு பேர் நின்றால் பதில் வேறு மாதிரி வரும். உணவாகவே கொடுக்க நினைத்தால் அரிசி கொடுக்காதீர்கள், பருப்பும் முட்டையும் கடலையும் கொடுங்கள். தானம் என்று தோன்றாத வகையில், பையனுக்கு என்று சொல்லிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். கொடுப்பது மாதத்தில் ஒரு நாள்தான் என்றால் முதல் தேதியில் வேண்டாம். திருப்பூரில் அது வெள்ளிக்கிழமையாக இருக்கட்டும்.